பனிக்காலக் கொல்லையின் சரித்திரம்

அரசர்கள் வளர்த்த பூஞ்சோலைகளைப் பற்றியும் கோயில்களுக்கென்று விடப்பட்ட நந்தவனங்களைப் பற்றியும் காவியங்களும் கல்வெட்டுகளும் நமக்கு ஏராளமான செய்திகளைச் சொல்லுகின்றன. கிணற்றடிக்கும் மாட்டுக்கொட்டிலுக்கும் இடையே, நாலு வாழையும் ஒரு முருங்கையும் அவரைப் பந்தலும் கறிவேப்பிலைச் செடியுமாகத் தமிழ்நாட்டின் வீடுதோறும் தலைமுறை தலைமுறையாக விளங்கிவந்த கொல்லையைப் பற்றியோ, தனியே ஒரு நூல் எழுதிவைக்க வேண்டுமென்று முற்காலத்தில் எவருக்கும் தோன்றவில்லை. அதைப் பேணியவர்கள் பெரும்பாலும் வீட்டுப் பெண்கள்; அவர்களுக்கு எழுத்தாணியைவிடக் களைக்கொட்டே பழக்கமான கருவி. ஆகையால் கொல்லையின் சரித்திரத்தை அறிய விரும்புகிறவர், ஏடுகளோடு அடுப்பங்கரையையும், பண்டிகை நாளில் இலையில் விழும் பதார்த்தங்களையும், வாசற்கோலத்தையும், பெண்களின் பின்னலையும் ஆதாரங்களாகக் கொள்ள வேண்டும். இந்த ஆதாரங்கள் எல்லாம் ஒருங்கே கிடைக்கும் பருவம் ஒன்று உண்டு. ஐப்பசியில் அடைமழையோடு தொடங்கி, கார்த்திகையைக் கடந்து, மார்கழிப் பனியில் நிறைந்து, தைப்பொங்கலில் பலன் கொடுத்து முடியும் அந்த மூன்று நான்கு மாதங்களே கொல்லையின் நற்காலம்.

பிற தேசங்களில் இலையுதிர் காலமும் குளிர்காலமும் தோட்டம் ஓய்ந்து உறங்கும் காலமாக இருக்கலாம். நம் நாட்டில் கொல்லை கண்விழிப்பதே அப்போதுதான். சித்திரை வைகாசி வெயிலில் கிணற்று நீர் அடிமட்டத்துக்குப் போய், வாழையும் சேம்பும் தவிர மற்றவையெல்லாம் வாடிக்கிடக்கும் மண்ணுக்கு உயிர் கொடுப்பது வடகிழக்குப் பருவமழை. வருஷம் முழுவதும் தமிழ்நாட்டில் பெய்யும் மழையில் ஏறக்குறையப் பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையுள்ள மூன்று மாதங்களில் பெய்துவிடுகிறது. பழந்தமிழர் வருஷத்தை ஆறு பெரும்பொழுதாகப் பகுத்தபோது, ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர் என்றும், மார்கழியும் தையும் முன்பனி என்றும் கொண்டார்கள். மழையோடு வாடைக்காற்று வீசத் தொடங்குவதையும், மழை நின்று பனி இறங்குவதையும் அவர்கள் இரண்டு தனிப் பருவங்களாகப் பிரித்து உணர்ந்திருக்கிறார்கள். அந்த நுட்பமான பிரிவினை, மண்ணோடும் செடிகொடிகளோடும் அன்றாடம் பழகியவர்களுக்கே தோன்றக்கூடியது.

சங்க நூல்களில் வீட்டுத்தோட்டத்தைத் தெளிவாகக் காட்டுவது பெரும்பாணாற்றுப்படை. காஞ்சியில் ஆண்ட தொண்டைமான் இளந்திரையனிடம் பரிசில் பெறப் போகும் பாணனுக்கு வழி சொல்லும் கடியலூர் உருத்திரங்கண்ணனார், இடையே தோப்புக்குடிகளின் தனித்தனி வீடுகளைக் குறிப்பிடுகிறார். தென்னங்கீற்று வேய்ந்த அந்த வீடுகளின் முற்றத்தில் மஞ்சள் வளர்கிறது. வீட்டைச் சூழ்ந்த தோட்டத்தில் மணம் கமழ்கிறது. அங்கே போகிற விருந்தினனுக்குப் பலாச்சுளையும் இளநீரும் வாழைப்பழமும் நுங்கும் கிடைக்கின்றன. இனிப்புத் திகட்டியபின் உண்பதற்குச் சேம்பின் கிழங்கும் கிடைக்கிறது. கடைத்தெருவிலிருந்து வாங்கி வந்த பொருள் ஒன்றுகூட இல்லாமல், வீட்டைச் சுற்றி விளைந்ததைக் கொண்டே ஒரு பாணனின் சுற்றத்தை உபசரிக்க முடிந்தது என்பது, அக்காலத்து மனைத்தோட்டத்தின் வளத்துக்குப் போதிய சாட்சியாகும்.

கூதிரும் முன்பனியும் வரும் இடங்களில் புலவர்களின் பார்வை தவறாமல் கொடிகளின்மேல் விழுகிறது. நக்கீரர் நெடுநல்வாடையில் வாடைக்காலத்தை விவரிக்கத் தொடங்கும்போதே, புதர்தோறும் பொன்னிறமாகப் பீர்க்கம்பூ மலர்ந்திருப்பதைச் சொல்லுகிறார். சிறுபாணாற்றுப்படையின் ஆசிரியருக்கு அவரையின் பூக்கள் பவழம் கோத்தவைபோல் தோன்றுகின்றன. குறுந்தொகையின் 240-ஆம் பாட்டைப் பாடிய கொல்லன் அழிசி, பனிக்காலத்துப் புதரின்மேல் படர்ந்த அவரைப் பூவைக் கிளியின் அலகுக்கு ஒப்பிடுகிறார். மேற்கூறிய ஆற்றுப்படைகளும் நெடுநல்வாடையும் அடங்கிய பத்துப்பாட்டை 1889-ஆம் ஆண்டிலும் குறுந்தொகையை 1937-ஆம் ஆண்டிலும் மகாமகோபாத்தியாய சாமிநாதையரவர்கள் அச்சிற் பதிப்பித்து உதவியிராவிட்டால், இன்று பந்தலில் நாம் காணும் அதே அவரைப்பூ, அதே பனிப்பருவத்தில், இத்தனை நூற்றாண்டுகளுக்கு முன்னும் கண்டு மகிழப்பட்டது என்ற செய்தி தமிழ்மக்கள் பலருக்கு எட்டாமலே போயிருக்கும்.

சங்க காலத்துக்குப் பின், கொல்லை அரசாங்க ஆவணங்களில் இடம் பெறுகிறது. பல்லவர், சோழர் செப்பேடுகளில் ஓர் ஊரைத் தானமாகக் கொடுக்கும்போது, அந்த ஊரில் அடங்கிய நிலம், குளம், மன்றம், கன்று மேயும் பாழ் முதலியவற்றை வரிசையாக எண்ணும் வழக்கம் உண்டு. அவ்வரிசையில் மனையோடு சேர்த்து, மனைப்படப்பை என்னும் வீட்டுக்கொல்லையும் சொல்லப்படுகிறது. தானம் பெற்றவர்கள் தமனகமும், இருவேலி என்னும் வெட்டிவேரும், செங்கழுநீரும் நட்டுக்கொள்ளலாம் என்று உரிமை வழங்கும் பகுதிகளும் அச்செப்பேடுகளில் வருகின்றன. ஒரு பூச்செடியை நடுவதற்கு அரசாணை வேண்டியிருந்தது என்பது இப்போது நமக்கு வியப்பாகத் தோன்றலாம். மணப்பொருள்களுக்கு அக்காலத்தில் இருந்த மதிப்பை அது காட்டுகிறது. அப்படி மதிப்புப் பெற்ற செங்கழுநீர், ஆண்டாள் அருளிய திருப்பாவையின் பதினான்காம் பாட்டில் சாதாரண வீடொன்றின் புழக்கடைத் தோட்டத்துக் குளத்தில் மலர்கிறது. அதே குளத்தில் ஆம்பல் இதழ் குவிக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூரில் நந்தவனம் வைத்து வடபெருங்கோயிலுடையானுக்குப் பூமாலை கட்டிய பெரியாழ்வாரின் திருமகளுக்கு, எந்தப் பூ எந்த நேரத்தில் விரியும், எது எப்போது கூம்பும் என்பது கற்பனையால் அறிய வேண்டிய விஷயமாக இருந்திராது. மார்கழி விடியலைத் தூங்குகிறவளுக்கு அறிவிக்க அவள் காட்டும் அடையாளங்களில் ஒன்று, அத்தோழியின் கொல்லையிலேயே இருக்கிறது.

1498-ஆம் ஆண்டில் போர்த்துகீசியர் கோழிக்கோட்டை அடைந்தபின், அமெரிக்கக் கண்டத்துச் செடிகொடிகள் கப்பலேறி நம் கரைக்கு வந்தன. மிளகாய், பரங்கி, சர்க்கரைவள்ளி, கொய்யா, பப்பாளி, துலுக்கச் சாமந்தி, பிற்காலத்தில் தக்காளி, உருளைக்கிழங்கு என்று அவற்றின் வரிசை நீண்டது. வந்தவற்றில் எவற்றைத் தன்னவை ஆக்கிக்கொள்வது, எவற்றை வாசலோடு நிறுத்துவது என்பதைக் கொல்லை தன் போக்கிலே தீர்மானித்தது. பரங்கிக்கொடி ஆடியில் விதைத்தால் வேலியிலும் கூரையிலும் ஏறிப் படர்ந்து, பனிக்காலம் முழுவதும் பூவும் காயுமாக நின்றது. எருக்குழியின் ஓரத்தில் தானே முளைத்தால்கூடக் காய்த்தது. ஆகவே, நெடுங்காலமாக இங்கே வளர்ந்துவந்த சாம்பற்பூசணிக்குப் பக்கத்தில் அதற்கும் இடம் கிடைத்தது. மார்கழி விடியலில் கோலத்தின் நடுவே சாணி உருண்டை வைத்து, அதன்மேல் மஞ்சள் நிறப் பூவைச் செருகும் வழக்கத்தில் பூசணிப்பூவும் பரங்கிப்பூவும் இன்று ஒரே தகுதி பெற்று விளங்குகின்றன. கடல் கடந்து வந்த கொடியின் பூவை, தேவர்களுக்கு வைகறை என்று போற்றப்படும் மாதத்தில், வாசலில் வைத்து வணங்கும் அளவுக்கு நம் பெண்மணிகள் சொந்தமாக்கிக்கொண்டார்கள்.

எல்லாக் காய்க்கும் எல்லா இடத்திலும் அந்தச் சலுகை கிடைக்கவில்லை. சிராத்தச் சமையலில் மிளகாய் சேர்ப்பதில்லை, மிளகுதான்; முட்டைக்கோஸும் காரட்டும் தக்காளியும் உருளைக்கிழங்கும் அந்த இலையில் விழுவதில்லை; வாழைக்காய், பாகல், புடல், அவரை, சேனை, சேம்பு, பிரண்டை ஆகியவையே அங்கே உரிமை பெற்றவை. மூதாதையருக்கு அவர்கள் உண்டு பழகிய பதார்த்தங்களையே படைக்க வேண்டும் என்ற சிரத்தையால், நானூறு ஐந்நூறு வருஷங்களுக்கு முற்பட்ட தமிழ்க் கொல்லையின் அட்டவணை ஒன்று எவரும் எழுதிவைக்காமலே காப்பாற்றப்பட்டிருக்கிறது. பனிக்காலப் பண்டிகைகளோ இதைவிடத் தாராளமானவை. மார்கழித் திருவாதிரையன்று களியோடு செய்யும் ஏழுகறிக் கூட்டில் அவரையும் மொச்சையும் வாழைக்காயும் சேனையும் பூசணியும் சேரும்போது, பரங்கியும் சர்க்கரைவள்ளியும் கூச்சமில்லாமல் உடன் சேர்கின்றன. பொங்கலன்று திருநெல்வேலிப் பக்கத்தில் சிறுகிழங்கு இல்லாமல் பண்டிகை நிறைவதில்லை. பனங்கொட்டைகளை மண்ணில் புதைத்து, முளைவிட்டபின் தோண்டியெடுக்கும் பனங்கிழங்கும் அப்போதுதான் பக்குவமாகிறது. இலையோடும் கிழங்கோடும் பிடுங்கிய பசுமஞ்சட்கொத்தைப் பொங்கற்பானையின் கழுத்தில் கட்டுகிறோமே, அது பெரும்பாணாற்றுப்படையின் முற்றத்தில் வளர்ந்த மஞ்சளின் வழித்தோன்றல்தான். அந்தத் தோப்புக்குடிகளின் வீடுகள் மறைந்தன. இளந்திரையனின் அரண்மனையும் மறைந்தது. மஞ்சள் மட்டும் வருஷந்தோறும் தை மாதத்தில் மண்ணிலிருந்து எழுந்து வருகிறது.

சரித்திரத்தை இவ்வளவு தூரம் சொன்னபின், அச்சரித்திரத்தைத் தாங்கி நிற்கும் இன்பத்தையும் சிறிது அருகிலிருந்து பார்க்க வேண்டும். காவிரிப் பாசனத்தைச் சேர்ந்த எங்கள் ஊரில், வாசல் திண்ணையிலிருந்து பார்த்தால் ரேழி, கூடம், இரண்டாங்கட்டு என்று வரிசையாகக் கடந்து, கடைசிக் கதவின் சட்டத்துக்குள் பச்சை நிறம் ஒன்று தெரியும், அதுதான் கொல்லை. குளிக்கவும் துவைக்கவும் இறைத்த தண்ணீர் வீணாகாமல், மண்வெட்டியால் வகுத்த சிறு வாய்க்காலில் ஓடி, முதலில் வாழைக்கும், அதைத் தாண்டிச் சேம்புக்கும், கடைசியில் கீரைப் பாத்திக்கும் போய்ச் சேரும். என் பாட்டியார் ஆடி மாதத்தில் விதைத்த அவரை, ஆவணி புரட்டாசியெல்லாம் இலையும் தண்டுமாகப் பந்தலை மூடுமே அல்லாமல் ஒரு மொட்டும் காட்டாது. சிறுவர்களாகிய நாங்கள் பொறுமையிழந்து கேட்டால், “அதுக்குத் தெரியும்டா, குளிர் வரட்டும்” என்பார்கள். ஐப்பசி மழை ஓய்ந்து கார்த்திகை விளக்கீட்டுக்கு முன்பின்னாக, இலைகளுக்கு மேலே நீட்டிக்கொண்டு ஊதா நிறப் பூங்கொத்துகள் கிளம்பும். அதன்பின் பறிக்கப் பறிக்கக் குறையாது. பனி அதிகமானால் கொழுந்திலும் பிஞ்சிலும் அசுவினி அடையடையாக ஒட்டிக்கொள்ளும். அப்போது பாட்டியார் விடியுமுன்பே, முதல் நாள் அடுப்பில் அள்ளிச் சலித்து வைத்த சாம்பலை முறத்தில் எடுத்துப்போய், இலைகளில் பனி ஈரம் உலர்வதற்குள் கைநிறைய அள்ளி வீசுவார்கள். வெயில் ஏறியபின் வீசினால் சாம்பல் உதிர்ந்துவிடும். ஈரத்தில் விழுந்தால்தான் ஒட்டும். அவரைக்குப் பக்கத்துப் பந்தலில் தொங்கும் புடலம்பிஞ்சுகளின் நுனியில் சிறு கற்களை நூலால் கட்டிவிடுவதும் அந்த வேளையிலேயே நடக்கும். கல்லின் பாரத்தால் காய் சுருண்டுகொள்ளாமல் நேராக நீளும்.

குளிர் வரும்வரை அவரை காத்திருப்பதன் காரணத்தைப் பாட்டியார் ஓரளவு சரியாகவே சொன்னார்கள்; ஆனால் செடி கணக்கிடுவது குளிரைக் காட்டிலும் இரவின் நீளத்தையே. 1920-ஆம் ஆண்டில் அமெரிக்க விஞ்ஞானிகளான கார்னரும் அல்லார்டும், புகையிலைச் செடியையும் சோயா மொச்சையையும் ஆராய்ந்து, சில தாவரங்கள் பகற்பொழுது குறுகினாலன்றிப் பூப்பதில்லை என்று வெளியிட்டார்கள். நம்முடைய பழைய பந்தலவரை வகைகளும் மொச்சையும் செவ்வந்தியும் அந்த இனத்தைச் சேர்ந்தவை. தஞ்சாவூர்ப் பிரதேசத்தில் ஆனி மாதத்து நீண்ட பகலுக்கும் மார்கழி மாதத்துக் குறுகிய பகலுக்கும் உள்ள வித்தியாசம் ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரந்தான். கடிகாரம் இல்லாத மனிதனுக்குப் புலப்படாத அந்தச் சிறு மாறுதலை அவரைக்கொடி தவறாமல் உணர்ந்துகொள்கிறது. ஆடிப்பட்டம் தேடி விதைக்க வேண்டும் என்று முன்னோர்கள் வற்புறுத்தியதில் எத்தனை தலைமுறைகளின் அநுபவம் திரண்டிருக்கிறது! ஆடியில் விதைத்த கொடி, பகல் குறுகுவதற்குள் வேண்டிய மட்டும் வளர்ந்து வலுப்பெற்றுவிடுகிறது. காலம் தாழ்த்தி விதைத்தாலோ, போதிய வளர்ச்சி பெறுவதற்கு முன்பே பூத்துச் சொற்பமாகக் காய்த்து ஓய்ந்துபோகிறது.

பூக்களின் விஷயத்திலும் பனிக்காலத்துக்கென்று ஒரு கிரமம் உண்டு. மல்லிகைக்குக் கார்த்திகை மார்கழியில் கவாத்துச் செய்து ஓய்வு கொடுத்துவிடுவார்கள். இனி மாசி பங்குனியில்தான் அது மீண்டும் பூக்கத் தொடங்கும். அந்த இடைவெளியை நிரப்ப வருபவை ஊதாவும் வெள்ளையுமான டிசம்பர்ப் பூவும், கனகாம்பரமும், செவ்வந்தியும். டிசம்பர்ப் பூவிலும் கனகாம்பரத்திலும் நிறம் உண்டு, மணம் இல்லை. ஆகையால் அவற்றைத் தொடுக்கும் பெண்கள் இடையிடையே மரிக்கொழுந்தை வைத்துக் கட்டுகிறார்கள். மரிக்கொழுந்து குளிர்ந்த பருவத்திலே நன்றாகச் செழிக்கும் செடி. செப்பேடுகள் தமனகம் என்று குறித்ததும் அதையே. ஒரு காலத்தில் அரசனுடைய அனுமதியோடு நடப்பட்ட செடி, இன்று எந்த ஏழைப் பெண்ணின் பின்னலிலும் தன் நறுமணத்தை வழங்குவது சரித்திரத்தின் நற்பயன்களில் ஒன்று என்றே நான் கருதுகிறேன்.

ஆங்கிலேயர் காலத்தில் இந்தப் பனிக்காலத்துக்கு வேறொரு கிளைக்கதை உண்டாயிற்று. சென்னையில் தோட்டவீடுகள் கட்டி வாழ்ந்த அவர்கள், தங்கள் ஊர்க் காய்கறிகளும் பூச்செடிகளும் சமவெளியில் ஓரளவாவது பிழைக்கும் காலம் இந்தக் குளிர்மாதங்களே என்று கண்டார்கள். 1835-ஆம் ஆண்டில் டாக்டர் ராபர்ட் வைட் முதலியோரின் முயற்சியால் சென்னை வேளாண்மை-தோட்டக்கலைச் சங்கம் ஏற்பட்டது. அதற்கு முன்னரே, 1819-ல் நீலகிரிக்குச் சென்ற கோயம்புத்தூர்க் கலெக்டர் ஜான் சல்லிவன், உருளைக்கிழங்கு முதலிய சீமைப் பயிர்களை மலையில் விளைவிக்கத் தொடங்கியிருந்தார். 1848-ல் வில்லியம் கிரஹாம் மக்ஐவர் உதகமண்டலத்துக்கு வந்து அரசாங்கத் தாவரத் தோட்டத்தை அமைக்கலானார். 1908-ல் மலை ரெயில் உதகமண்டலம் வரை எட்டியபின், கோஸும் காரட்டும் பீட்ரூட்டும் சமவெளிக் கடைத்தெருக்களுக்கு வருவது சுலபமாயிற்று. அவை நம் சமையலுக்குள் புகுந்தன. ஆனால் பெரும்பாலும் கடைவழியாகப் புகுந்தனவே அல்லாமல் கொல்லைவழியாகப் புகவில்லை. பண்டிகை இலையில் அவற்றுக்கு இன்னும் முதலிடம் கிடைக்காததற்கு அதுவே காரணம் என்று தோன்றுகிறது. நம் கையால் விதைத்து, நீர் ஊற்றி, பூக்கும் நாளைப் பார்த்துக் காத்திருந்த காய்க்கும், படியளந்து வாங்கிய காய்க்கும் மனத்தில் ஒரே இடம் கிடைப்பதில்லை.

கொல்லையின் அருமையை அரசாங்கமே நினைவுகூர்ந்த சமயமும் ஒன்று வந்தது. 1942-ல் பர்மா ஜப்பானியர் வசமாகி, அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றபோது, அதிக உணவு உற்பத்தி இயக்கம் தொடங்கப்பட்டது. காலியாகக் கிடந்த இடங்களிலும் வீட்டைச் சுற்றியுள்ள நிலத்திலும் காய்கறி பயிரிட ஜனங்கள் தூண்டப்பட்டார்கள். யுத்தம் முடிந்து நாடும் விடுதலை பெற்றது. அதன்பின் பட்டணங்கள் பெருகியபோது கொல்லைகள் சுருங்கின. பாகப்பிரிவினையில் துண்டான மனைகளில் கிணறுகள் தூர்ந்தன. கழிவுநீர் வாழைக்குப் போவதற்குப் பதிலாகச் சாக்கடைக்குப் போயிற்று. வேளாண்மை ஆராய்ச்சியாளர்கள் பகலின் நீளத்தைப் பொருட்படுத்தாமல் எக்காலத்திலும் காய்க்கும் குத்தவரை வகைகளை உண்டாக்கியது உழவர்களுக்குப் பெரிய அநுகூலம்தான். ஆயினும் வருஷம் முழுவதும் அவரைக்காய் கிடைக்கும் வீட்டில், கார்த்திகையில் முதல் அவரைப்பூவைக் கண்டு உள்ளே ஓடிச்சென்று சொல்லும் குழந்தையின் உற்சாகத்துக்கு இடமில்லாமல் போய்விட்டது. காத்திருந்து பெறுவதில் உள்ள ஆனந்தமே பனிக்காலக் கொல்லையின் தனிச்சிறப்பு. அந்த ஆனந்தம் குன்றினால், அதோடு பிணைந்த கூட்டும் குழம்பும் கோலமும் பொருள் குறைந்த சடங்குகளாக மெலிந்துவிடும்.

அவ்வாறு மெலியாமல் காப்பது நம்மால் ஆகாத காரியமன்று. ஒரு பந்தலவரைக்கு வேண்டியது சிறிதளவு மண்ணும், ஏறிப் படர நாலு கொம்புகளும், கைகழுவிய தண்ணீருமே. கொல்லை இல்லாதவர்கள் மாடியில் மண் நிரப்பிய தொட்டியிலும் அதை வளர்க்கலாம். விதையை மட்டும் கவனமாகத் தேட வேண்டும். பழைய கொல்லைகளில் முதல் ஈட்டில் வந்த திரட்சியான காய்களைப் பறிக்காமல் விட்டு, கொடியிலேயே நெற்றாக உலரவைத்து, மாசியில் உடைத்து, சாம்பல் கலந்து பானையில் மூடிவைப்பார்கள். அடுத்த ஆடியில் அண்டை வீட்டாருக்கும் புகுந்த வீடு போகும் பெண்ணுக்கும் ஒரு கை கொடுப்பார்கள். சங்கப் புலவர்கள் கண்ட அவரையும் முற்றத்து மஞ்சளும் நம் காலம்வரை வந்து சேர்ந்தது, இப்படிக் கை மாறிக் கை மாறித்தான். இன்றும் கிராமங்களில் ஊதாப் பூவும் வெள்ளைப் பூவுமாகப் பழைய அவரை வகைகளை வைத்துக்கொண்டிருக்கும் முதிய பெண்மணிகள் இருக்கிறார்கள். கேட்டவர்களுக்கு அவர்கள் இல்லையென்பதில்லை. இந்த மாசியில் அவர்களிடம் ஒரு பிடி நெற்று வாங்கி வைத்துக்கொண்டு, வரும் ஆடியில் விதைக்கிறவர் எவரோ, அவரே இந்தச் சரித்திரத்தின் அடுத்த அத்தியாயத்தை எழுதுகிறவர்.